தெற்கே வாசல் வைத்த ஏபெல்

செத்து நூறு வருடத்துக்கு மேலான ஒரு மனிதன் ஒன்றுக்கும் உதவாதவன் என்று நிரூபித்துத் தருவதற்காக என்னை ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டார்கள். அவன் பெயர் ஏபெல் மொஸ். வெள்ளைக்காரர் காடு வெட்டிக் குடியேறிய காலத்தில் ஒரு சின்ன ஊருக்குக் கட்டடக் கலைஞனாக இருந்தவன். எனக்கு அவன் ஒரு தீங்கும் செய்யவில்லை. எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத்தான் செய்திருந்தான். தெற்கே பார்த்து வாசல் வைத்துவிட்டான்.

நான் யாழ்ப்பாணத்தில் பிரதேச சபையில் படம் வரைபவனாக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடம் வீட்டுப் படம் கீறினேன். கீறியபடி கட்டப்பட்ட வீடு ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. அத்திவாரம் வெட்டிய பிறகு கனடாவிலிருந்து அழைப்பு வரும், மேலே ஒரு பல்கனி வேண்டும் என்று. கூரை போட்ட பிறகு இன்னொரு அழைப்பு வரும், ஐந்து அறைக்கும் ஐந்து குளியலறை வேண்டும் என்று. எல்லாம் முடிந்த பிறகு அந்த வீட்டில் ஒரு காவற்காரரும் ஒரு நாயும் குடியிருப்பார்கள். இரண்டு பேருக்கும் குளியலறை வெளியேதான்.

கனடாவில் எங்கள் ஊருக்கு ஒரு சங்கம் இருக்கிறது. ஊரில் இருப்பவர்களைவிடச் சங்கத்தில் ஆட்கள் அதிகம். அதன் தலைவர் என் மனைவியின் தம்பி சிவபாதம். வீடு விற்று வாங்கிக் கொடுக்கும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். வயதானவர்கள் பகலில் வந்து கூடியிருக்க ஓரிடம் வேண்டும் என்று, ஸ்காபரோவுக்குக் கிழக்கே ஒரு பழைய கிராம மண்டபத்தை வாங்க ஏற்பாடு செய்தார். ஏபெல் மொஸ் கட்டியது. அது நின்ற ஊரை நகரம் எப்போதோ விழுங்கிவிட்டது. இப்போது ஒரு பக்கம் டயர்க் கடை, மறுபக்கம் கார் கழுவும் இடம்.

வாங்குவதற்கு முன் சிவபாதம் மண்டபத்தின் தரைப் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, வாசல் எந்தத் திசை என்று கேட்டார். படத்தின் மேற்பக்கம் வடக்கு என்பது எங்கள் தொழிலில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. வாசல் வலக்கைப் பக்கம் இருந்தது. "கிழக்கு வாசல், யோசிக்காமல் வாங்கலாம்" என்று குரல் பதிவு அனுப்பினேன். அதைப் பொதுக்கூட்டத்தில் ஒலிபெருக்கியில் போட்டார்களாம். சிலர் நேரில் போயும் பார்த்தார்களாம். சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தலையை நிமிர்த்திப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவன் சொல்லிவிட்டான், போதாததற்கு விலாசத்திலும் 'ஈஸ்ற்' என்று இருந்தது.

பால் காய்ச்சப் போன அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. ஐயர் தட்டோடு வாசலில் நின்று சூரியனைத் தேடினார். சூரியன் டயர்க் கடைக்குப் பின்னால் இருந்தது. பிறகு ஆளாளுக்குத் தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்தார்கள். சுத்தத் தெற்கு என்றது ஒரு பகுதி. கொஞ்சம் அக்கினி மூலைப் பக்கம் சரிந்திருக்கிறது, பயமில்லை என்றது இன்னொரு பகுதி. சராசரி வயது எழுபதைத் தொடும் சங்கத்தில் யமனுடைய திசையைப் பார்த்த வாசல் என்றால் யார் நுழைவார்கள்? முன்கதவைப் பூட்டினார்கள். பின்னால் குசினிக்கு ஒரு கதவு இருந்தது, வடக்குப் பார்த்தது, குபேரனுடைய திசை. குப்பைத் தொட்டியைச் சுற்றிப் போய் அந்த வழியாக உள்ளே போகத் தொடங்கினார்கள்.

போன வருடப் பனியில் சிவபாதம் அந்தப் பின்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். யமன் வாசல் வேலையைக் காட்டிவிட்டது என்றார்கள். விழுந்தது எந்த வாசலில் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ரொறன்ரோவில் நான் இறங்கிய அன்று அவர் ஊன்றி நடக்கும் நாலு கால் கம்பியைத் தள்ளிக்கொண்டு வோபர்னில் உள்ள தன் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"வாங்கோ அத்தான். பிளேனிலை ஏதும் வாய்க்கு ருசியாத் தந்தவங்களே?"

நான் அந்தக் கம்பியையே பார்த்தேன். அந்தக் குரல் பதிவை நான் அனுப்பாதிருந்தால் இந்த மனிதன் இரண்டு காலில் நடந்திருப்பான். சாப்பாடு சரியில்லை என்று மட்டும் சொன்னேன், அது பொய்யும் இல்லை.

வீட்டுக்குள்ளே ஒரு குசினி இருந்தது. கருங்கல் மேசையும் ஆறு அடுப்புமாக, கோயில் மூலஸ்தானம் போல ஒருவரும் தொடாமல் துப்புரவாக இருந்தது. சமையல் நடப்பது கராஜில். உள்ளே சமைத்தால் மணம் பிடித்துவிடும், பிறகு வீட்டை விற்கும்போது விலை போகாது என்றார் சிவபாதத்தின் மனைவி தேவி. இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறார்கள், விற்கும் எண்ணம் இல்லை. கராஜில் நண்டு கொதித்துக்கொண்டிருந்தது, கார் வெளியே பனியில் நனைந்துகொண்டிருந்தது. நண்டுக் கறியைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னரே சங்கச் செயலாளர் கிருபாகரன் வந்துவிட்டார். கையில் கோப்பு. விசயம் இதுதான். முன்பக்கத்தை இடித்துக் கிழக்கே வாசல் வைக்க நகரசபையிடம் அனுமதி கேட்டார்கள். கட்டடம் பழமைப் பட்டியலில் இருக்கிறது, கட்டியவர் யார், அவருடைய முக்கியத்துவம் என்ன என்று விபரம் தெரிந்தவர் ஒருவரின் அறிக்கை வேண்டும் என்று பதில் வந்தது.

"அண்ணை, நீங்கள் கன எழுத வேண்டாம்," என்றார் கிருபாகரன். "ஒரு பக்கம் காணும். ஆள் ஒரு சாதாரண தச்சன், கட்டடம் ஒரு சாதாரண கட்டடம். முடிவை நான் ரைப் பண்ணிக் கொண்டந்திட்டன். மேலை மட்டும் நீங்கள் நிரப்பினாச் சரி."

முடிவை முதலில் எழுதிவிட்டு ஆராய்ச்சியைத் தொடங்கும் வழக்கம் எங்கள் பிரதேச சபையில்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். கடல் கடந்தும் வந்திருக்கிறது.

மறுநாள் ஏபெலின் கடதாசிகள் இருக்கும் நூலகத்துக்குத் தனியாகப் புறப்பட்டேன். சவுத் போகும் பஸ்ஸில் ஏறுங்கோ என்று சொல்லி அனுப்பினார் சிவபாதம். இந்த ஊரில் சனம் இடக்கை வலக்கை என்று சொல்வதில்லை. கோப்பிக் கடையா, நார்த் பக்கம். பல் வைத்தியரா, ஈஸ்ற் பக்கம். சிவபாதத்தின் மகனிடம் வாங்கிய ஜக்கெற்றுக்குள் தலையும் இல்லாமல் கழுத்தும் இல்லாமல் நின்ற எனக்கு வானமும் நிலமும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது. வந்த பஸ்ஸில் ஏறினேன். முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கழுத்தில் செபமாலை, தமிழ் முகம்.

"அங்கிள், எங்கை போறியள்?"

"ஏரிப் பக்கம் தம்பி. அங்கை ஒரு லைபிரரிக்கு."

"ஏரி சவுத்திலை எல்லோ இருக்கு. நீங்கள் நார்த்துக்கு வந்திட்டியள். இஞ்சை ஏரி எந்தப் பக்கம் எண்டு தெரிஞ்சாக் காணும், ஒருநாளும் துலையமாட்டியள். ஊரிலை என்ன வேலை பாத்தனீங்கள்?"

"வீட்டுப் படம் கீறினனான்."

செபமாலையைப் பார்த்தால் மன்னார்ப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர். கடைசித் தரிப்பு வரும் வரை வேறொன்றும் பேசவில்லை. அங்கே இறங்கி வந்து, எதிர்ப்பக்கத் தரிப்பைக் கையால் காட்டிவிட்டுப் போனார்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் டொறீன் என்ற வயதான வெள்ளைக்கார அம்மா காத்திருந்தார். ஊர்ச் சரித்திரத்தைச் சம்பளமில்லாமல் காப்பவர். ஏபெலைப் பற்றிக் கேட்டு வந்த முதல் ஆள் நான்தான் என்று சொல்லி, பையிலிருந்து பிஸ்கற் எடுத்துத் தந்தார். அவனை ஒழித்துக்கட்ட வந்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிஸ்கற்றைச் சாப்பிட்டேன்.

"அவர் ஒரு பெரிய கலைஞர் இல்லை," என்று அவரே தொடங்கினார். "நகரத்தில் அவர் ஒரு கட்டடம்கூடக் கட்டவில்லை."

எனக்குப் பெரிய நிம்மதி. கொப்பியைத் திறந்து அந்த வசனத்தை அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஏபெல் பதினெட்டு வயதில் ஒரு பெட்டி தச்சு ஆயுதங்களோடு கப்பலில் வந்தவன். அப்போது அந்த ஊரில் இருந்தது ஒரு மரம் அரியும் ஆலையும் நிறையச் சேறும்தான். முதல் செய்தது சவப்பெட்டி. பிறகு மாட்டுக் கொட்டில்கள். யாரோ விட்டுப்போன ஒரு கட்டடப் படப் புத்தகம் அவன் கையில் கிடைத்தது. அடுத்த மாதம் வீட்டுக்கு முன்னால் 'கட்டடக் கலைஞர்' என்று ஒரு பலகை எழுதி மாட்டினான். கேள்வி கேட்க அந்தக் காட்டில் ஆள் இருக்கவில்லை. எங்கள் ஊரிலும் இப்படிச் சிலரை எனக்குத் தெரியும், பலகை மட்டும் இப்போது டிஜிட்டல்.

கள்ளரைப் பூட்டி வைக்க இரண்டு அறையுள்ள மறியற்கூடம் கட்டினான். பள்ளிக்கூடம் கட்டினான். தேவாலயம் கட்டினான். அந்தச் சபை எதற்கோ கோபித்து இரண்டாகப் பிரிந்ததும், பிரிந்து போனவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று கட்டினான். ஒரே கடவுள், ஒரே புத்தகம், ஒரே கட்டடக்காரன், நடுவில் ஒரு தெரு. எங்கள் சங்கமும் இரண்டு தடவை பிரிந்தது என்று டொறீனிடம் சொன்னேன். எதற்காக என்று கேட்டார். பொங்கல் விழாவில் யார் விளக்கேற்றுவது என்பதற்காக என்றேன். அவர் சிரிக்காமல் தலையாட்டினார். அவர்களுடைய சண்டையும் மெழுகுதிரி பற்றித்தானாம்.

பெட்டியின் அடியில் மண்டபக் குழுவின் கடிதங்கள் இருந்தன. கோபுரம் வேண்டும், கோபுரம் வேண்டாம், மேடையைப் பெருப்பி, மேடையைக் குறை. வாட்ஸ்அப் இல்லாத காலத்தில் இவ்வளவு தொல்லை கொடுக்க முடிந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஏபெல் ஓம், ஓம், அப்படியே செய்கிறேன் என்றே பதில் எழுதியிருந்தான். குழுவின் தலைவருக்கு மண்டபத்தின் வடக்குப் பக்கத்தில் ஒரு கடை. வாசலை வடக்கே வை, கூட்டம் முடிந்து சனம் நேரே கடைக்குள் வரும் என்றது கடைசிக் கட்டளை.

அதற்கு மட்டும் ஏபெல் மறுத்திருந்தான். டொறீன் அந்தக் கடிதத்தைத் தன் குரலில் மெல்ல வாசித்தார். "நான் கட்டிய தேவாலயத்தின் படி வடக்கே பார்த்தது. அங்கே வெயில் வருவதில்லை, சித்திரை வரையும் பனி உருகுவதில்லை. வயிற்றில் பிள்ளையோடு என் மனைவி அந்தப் படியில் விழுந்ததும், எனக்கு எது மிஞ்சியது என்பதும் உங்களுக்குத் தெரியும். இனி நான் வைக்கும் வாசல் தெற்கே பார்த்துத்தான் இருக்கும். வேண்டாமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்."

வேறு ஆள் அந்தக் காட்டில் கிடைக்கவில்லை. வாசல் தெற்கே வந்தது. அதன் பிறகு ஏபெலுக்கு அந்த ஊரில் ஒரு வேலையும் வரவில்லை. கடைசிக் காலத்தில் யாருடைய ஆலையிலோ யன்னல் சட்டம் இழைத்தான். மண்டபச் சுவரில் உள்ள கல்லில் குழுவினர் பதினொரு பேருடைய பெயரும் இருக்கிறது. அவனுடையது இல்லை.

நான் கொப்பியை மூடினேன். எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. முப்பது வருடத்தில் ஒரு வீட்டுக்காரனிடம்கூட நான் மாட்டேன் என்று சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பொதுக்கூட்டம். நான் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். பங்குனி பிறந்தும் பின்படியில் பனி கண்ணாடிக் கட்டியாக உறைந்து கிடந்தது. அதன் மேல் சங்கத்தார் உப்பைக் கொட்டி, உப்பின் மேல் கம்பளம் போட்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சூரன்போருக்குப் போவதுபோல வரிசையாக உள்ளே போனார்கள். முன்பக்கம் போய்ப் பார்த்தேன். பூட்டிய கதவுக்கு முன்னால் மூன்று கற்படிகள் காய்ந்து, கை வைத்தால் இளஞ்சூடாகக் கிடந்தன.

உள்ளே ஏபெலின் காலத்துக் கல்லுக்கு எதிர்ச் சுவரில் எங்கள் சங்கமும் ஒரு சலவைக்கல் பதித்திருந்தது. அதில் நாற்பத்தாறு பெயர்.

கிருபாகரன் என்னை மேடைக்கு அழைத்தார். நான் டொறீன் தந்த பிரதியிலிருந்து கடிதத்தைத் தமிழில் சொன்னேன். பிறகு, ஏபெல் சாதாரண ஆள்தான், ஆனால் வாசலைச் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறான், அதை இடிக்கச் சொல்லி என்னால் எழுத முடியாது என்றேன்.

மண்டபத்தில் எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்தது.

"உந்த வெள்ளைக்காரன்ரை மனிசி விழுந்ததுக்கு நாங்கள் ஏன் யமன்ரை வாசலாலை போகவேணும்?"

"கிழக்கு எண்டு சொன்னதும் உவர்தானே!"

தலையைக் குனிந்தேன். முன்வரிசையில் இருந்த சிவபாதமும் ஏனோ தலையைக் குனிந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்து, வாசல் தெற்கே பார்த்தாலும் உள்ளே நுழைகிறவர் பார்ப்பது வடக்கு என்று ஒரு நுட்பத்தைச் சொன்னார். அப்படியானால் வெளியே போகும்போது என்று ஒருவர் கேட்டார். பின்பக்கமாக நடக்கலாம் என்றார் வாத்தியார். ஒன்றரை மணித்தியாலம் இப்படிப் போனது. கடைசியில் கிருபாகரன் இதை ஆராய ஓர் உபகுழு அமைக்கலாம் என்றார். அதற்கு மட்டும் எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்போது பவளம் அன்ரி குசினியிலிருந்து வந்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தேத்தண்ணியும் வடையும் செய்து, வீட்டிலிருந்து பாத்திரம் பாத்திரமாக அந்தப் பின்படியால் ஏற்றுகிறவர் அவர்தான். வயது எழுபத்தொன்று. சலவைக்கல்லில் அவர் பெயர் இல்லை.

"நீங்கள் உபகுழுவைப் போடுங்கோ," என்றார். "நான் கொதிக்கிற கிடாரத்தோடை உந்தப் பனிக்கட்டியிலை இனிக் கால் வைக்கமாட்டன். இண்டைக்குத் தேத்தண்ணி முன்வாசல் படியிலை. வேணுமெண்டவை வந்து குடியுங்கோ. தலைவர், சாவியைத் தாங்கோ."

சிவபாதத்தின் முகத்தைப் பார்த்தேன். வரும் மாதம் சங்கத்தின் புதிய நிர்வாகத் தெரிவு. சாவியைக் கொடுத்தால் தலைவர் பதவி போகும் என்பது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் காற்சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு எடுத்து நீட்டினார்.

கதவு திறந்ததும் வெயில் மண்டபத்தின் பாதி வரை வந்து விழுந்தது. பவளம் அன்ரி பாத்திரத்தைப் படியில் திறந்து வைத்ததும் உழுந்து வடை மணமும் வந்தது. முதலில் வாத்தியார் எழுந்தார், சொன்னபடி பின்பக்கமாகவே நடந்து, வாசற்படியில் பவளம் அன்ரி தோளைப் பிடிக்க, பத்திரமாக வெளியே இறங்கினார். அடுத்தவர்கள் அவ்வளவு சிரமப்படவில்லை. வடை குறைந்துகொண்டு போனது. கிருபாகரன் கடைசியாக வந்து, இது ஒரு முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ளப்படக் கூடாது என்று குறிப்பில் எழுதவேண்டும் என்றார், வாய் நிறைய வடையோடு.

நானும் சிவபாதமும் நடுப்படியில் இருந்தோம். இனியும் தாங்காது என்று நான் வாயைத் திறந்தேன்.

"சிவம், என்னை மன்னிச்சுக்கொள்ளும். படத்தைச் சரியாப் பாக்காமல் கிழக்கெண்டு சொல்லிப்போட்டன். உம்மடை இடுப்பு முறிஞ்சது என்னாலைதான்."

அவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார்.

"அத்தான், நீங்கள் பாத்தது சரி. படத்தைப் பக்கவாட்டிலை திருப்பிப்போட்டு அனுப்பினது நான்தான். மூலையிலை இருந்த வடக்குக் குறியையும் வெட்டினனான். தெற்கெண்டா உவை வாங்கவிடமாட்டினம். நீங்கள் சொன்னா ஒருத்தரும் மறுத்துக் கதையாயினம் எண்டும் தெரியும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு வருடமாக நித்திரை கெட்டிருக்கிறேன். "ஏன் ஐயா, ரொறன்ரோவிலை வேறை கட்டடமே இல்லையே?"

"வந்த முதல் வருசம் சென் ஜேம்ஸ் ரவுணிலை ஒரு அறையிலை எட்டுப் பேர் இருந்தனாங்கள். வேலை இஞ்சை, உந்தக் கார் கழுவுற இடத்திலை அப்ப ஒரு பக்ரறி. கறி மணக்குதெண்டு உள்ளுக்கை இருந்து சாப்பிட விடாங்கள். வெளியிலை எங்கை பாத்தாலும் பனி. இந்தப் படி மட்டும் காய்ஞ்சு கிடக்கும், வெயில் நேரை முகத்திலை அடிக்கும். ரெண்டு பனிக்காலம் இதிலை இருந்துதான் சோத்தைத் திண்டனான். எழும்பெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

நான் கையை அந்தக் கல்லில் வைத்தேன். சூடு இருந்தது.

"இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு பிறகேன் பின்வாசலாலை போய் விழுந்தனீர்?"

"நான் தலைவர் எல்லோ அத்தான்," என்றார்.

அன்று பின்னேரம் அறிக்கையை எழுதிக் கிருபாகரனிடம் கொடுத்தேன். அவர் ரைப் பண்ணிய முடிவைத் திருப்பிக் கொடுத்தேன். கூடவே மண்டபத்தின் படத்தைப் புதிதாகக் கீறி, கீழே கட்டியவர் ஏபெல் மொஸ் என்று எழுதினேன். வடக்குக் குறியை வழக்கம்போல மூலையில் போடவில்லை. ஒருவராலும் வெட்டி எடுக்க முடியாதபடி, மண்டபத்துக்கு நட்டநடுவில் பெரிதாகப் போட்டேன்.